அரியலூர்க் கல்லுக்குப் பெயர் வைத்தவர்



நம் சுவர் இதழில் 'அறிஞர் வாழ்க்கை' பகுதிக்கு இந்த மாதம் எழுதும் முறை எனக்கு வந்தது. எடிசன், சர் சி.வி.ராமன், மேரி கியூரி எல்லோரும் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அதனால் நம்ம மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. வாயில் நுழையாத பெயர்தான். ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, வந்துவிடும். நில அறிவியல் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் இது. நமக்குத்தான் தெரியவில்லை. ஆனால் அவர் எழுதிய புத்தகத்தில் நம்ம அரியலூரின் பெயர் இருக்கிறது, ஊட்டத்தூரின் பெயர் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், வாங்க.

நத்தைக் கல் என்பது நத்தையா?

மழை பெய்து ஓடையில் தண்ணி வடிந்த பிறகு, சுருள் சுருளாக ஒரு கல் கிடக்கும். பார்த்திருப்பீர்கள். நாம் அதை நத்தைக் கல் என்போம். உண்மையில் அது நத்தை இல்லை. அதன் பெயர் அம்மோனைட். மெல்லுடலிகள் தொகுதியில் தலைக்காலிகள் என்ற வகுப்பைச் சேர்ந்தது. நாம் மார்க்கெட்டில் பார்க்கும் கணவாய் மீன் அதற்குச் சொந்தக்காரன்!

நத்தையின் ஓட்டுக்குள் தடுப்பு கிடையாது. அம்மோனைட் ஓட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். கடைசியாக உள்ள பெரிய அறையில்தான் அந்த உயிர் குடியிருந்தது. வளர வளரப் பழைய அறையை அடைத்துவிட்டு முன்னால் நகர்ந்துவிடும். பழைய அறைகளில் காற்று இருந்ததால் ஓடு தண்ணீரில் மிதந்தது. எகிப்து நாட்டில் அம்மோன் என்ற தெய்வத்துக்கு ஆட்டுக்கிடா கொம்பு உண்டு. இந்த ஓடு அந்தக் கொம்பு மாதிரி சுருண்டு இருப்பதால் அம்மோனைட் என்று பெயர் வந்தது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசர்கள் அழிந்த அதே சமயத்தில், இவையும் உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழிந்துபோயின.

கடலில் வாழ்ந்த உயிர் நம்ம வயல் ஓரத்துக்கு எப்படி வந்தது? அது வரவில்லை. கடல்தான் இங்கே வந்தது! சமூக அறிவியல் பாடத்தில் கோண்டுவானா நிலம் படித்திருப்போம். அந்தப் பெரிய நிலம் உடைந்து இந்தியா பிரிந்து நகர்ந்தபோது, கிழக்குக் கரையில் கடல் உள்ளே ஏறியது. பல லட்சம் ஆண்டுகள் இங்கேயே நின்றது. அப்போது சேர்ந்த சேறும் மணலும் ஓடுகளும்தான் இன்றைய பாறைகள். சாத்தனூரில் நாம் சுற்றுலா போய்ப் பார்க்கிற கல்மரமும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான்.

பிறப்பும் படிப்பும்

ஸ்டோலிச்கா 1838ஆம் ஆண்டு ஐரோப்பாவில் மொராவியா என்ற பகுதியில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இப்போது செக் குடியரசு என்ற நாட்டில் இருக்கிறது. அவருடைய அப்பாவுக்குக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பையன் என்பதால் பறவை, பூச்சி, பாம்பு என்று எல்லாவற்றின் மேலும் ஆசை வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பின்னால் அவர் செய்த வேலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். மொராவியாவுக்குக் கடலே கிடையாது. அரியலூரிலும் இப்போது கடல் கிடையாது. கடல் இல்லாத ஊரில் பிறந்தவர், கடல் இல்லாத ஊரின் கல்லைப் பார்த்து, கடல் உயிர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார்!

அவர் வியன்னா நகரத்தில் நில அறிவியலும் புதைபடிவங்களைப் பற்றியும் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் எடுவர்ட் சூயஸ். கோண்டுவானா நிலம் என்ற பெயரைப் பின்னாளில் உலகத்துக்குச் சொன்னவர் இவர்தான். அந்தப் பாடத்தைப் படிக்கும்போது, ஸ்டோலிச்காவின் வாத்தியார் சொன்னது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோலிச்கா 1861இல் முனைவர் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் ஆஸ்திரியாவின் நில அளவைத் துறையில் வேலை பார்த்தார்.

அப்போது கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851 முதல் நடந்துவந்தது. அதன் தலைவர் தாமஸ் ஓல்டாம். புதைபடிவங்களைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்த ஆள் அங்கே தேவைப்பட்டது. 1862ஆம் ஆண்டு கடைசியில் ஸ்டோலிச்கா கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24தான்!

அவருக்கு முன்னால் ஓடியவர்கள்

நம் பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருக்கிறோம். ஒருவர் ஓடி வந்து குச்சியை அடுத்தவர் கையில் கொடுப்பார். அவர் வாங்கிக்கொண்டு ஓடுவார். இந்தக் கல் கதையும் அப்படித்தான்.

முதலில் குச்சியைப் பிடித்தவர்கள் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கத்தில் கிடைத்த கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றைப் பார்த்து 1846இல் கட்டுரை எழுதினார். புதிய அம்மோனைட்களுக்கு அவர் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? இந்திரா, வருணா, சூர்யா, பிரம்மா, விஷ்ணு! எல்லாம் நம்ம சாமி பெயர்கள். அந்தப் பெயர்கள் இன்றைக்கும் இருக்கின்றன. இந்திரா என்று அவர் பெயர் வைத்த வகை பின்னால் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூடக் கிடைத்தது. அங்கே உள்ள விஞ்ஞானிகளும் அதை இந்திரா என்றுதான் எழுதுகிறார்கள்.

ஃபோர்ப்ஸ் 1854இல் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அடுத்து ஓடியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இவர் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். 1857 முதல் 1860 வரை நம்ம பகுதியில் நடந்து நடந்து பாறைகளை அளந்தார். அடியில் இருக்கும் பழைய பாறைக்கு ஊட்டத்தூர் என்றும், அதற்கு மேலே உள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி என்றும், அதற்கும் மேலே உள்ளதற்கு அரியலூர் என்றும் பெயர் வைத்தார். வீட்டில் துணியை அடுக்கினால் முதலில் மடித்தது அடியில் இருக்கும் இல்லையா, அதே மாதிரிதான். இந்த மூன்று பெயர்களும் இன்றுவரை கல்லூரிப் பாடத்தில் இருக்கின்றன.

பிளான்ஃபோர்டும் அவர் கூட்டாளிகளும் சேர்த்த கற்கள் கல்கத்தா போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பற்றி அவரே எழுத ஆரம்பித்தார். ஆனால் 1862இல் அந்தத் துறையிலிருந்து விலகிவிட்டார். அம்மோனைட்கள் எல்லாம் அப்படியே மிச்சம். அப்போதுதான் ஸ்டோலிச்கா வந்தார். குச்சி அவர் கைக்கு வந்தது.

மேசை நிறையக் கல்

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பேர் தெரியாத ஒரு அம்மோனைட் கையில் கொடுத்தால் அது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே சுருள்தானே?

முதலில் சுருளைப் பார்க்க வேண்டும். கைமுறுக்கு ஞாபகம் வருகிறதா? அதில் உள்சுற்று, வெளிச்சுற்று எல்லாமே தெரியும். சில அம்மோனைட் அப்படி இருக்கும். வேறு சிலவற்றில் வெளிச்சுற்று உள்சுற்றை மூடிக்கொண்டு, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு சின்னக் குழி மட்டும் தெரியும். குழி எவ்வளவு அகலம், கல் மொத்தம் எவ்வளவு அகலம் என்று அளந்து எழுத வேண்டும்.

இரண்டாவது, ஓட்டின் மேல் உள்ள வரிகள். விலா எலும்பு மாதிரி இருப்பதால் இதை விலா வரி என்று சொல்லலாம். நேராகப் போகிறதா, வளைந்து போகிறதா, நடுவில் ரெண்டாகப் பிரிகிறதா, முண்டு முண்டாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் வரியே இருக்காது, மொழமொழவென்று இருக்கும்.

மூன்றாவது, முதுகு. உருண்டையாக இருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா, வயல் வரப்பு மாதிரி நடுவில் மேடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேல் ஓடு உதிர்ந்து போன கல்லில், கொத்தமல்லித் தழை ஓரம் மாதிரி நெளிநெளியாகக் கோடு தெரியும். அழகுக்காக யாரோ செதுக்கின மாதிரி இருக்கும். அது உள்ளே இருந்த தடுப்புச் சுவர் ஓட்டோடு ஒட்டிய இடம். இதைத் தையல் கோடு என்று சொல்லலாம். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு கல்லில், தையல் கோடு வேறு வேறாக இருந்தால் அவை வேறு வகையாக இருக்கலாம். அதனால் இந்தக் கோட்டை ஒரு நெளிவு விடாமல் படமாக வரைய வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு, ஐரோப்பாவில் வந்த புத்தகங்களில் உள்ள படங்களோடு ஒப்பிட வேண்டும். அங்கே கிடைத்த வகையோடு ஒத்துப்போனால் அந்தப் பெயரையே எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் ஏன் ஒத்துப்போகவில்லை என்று காரணம் எழுதிவிட்டுத்தான் புதுப் பெயர் வைக்கலாம். சும்மா ஆசைக்கு வைக்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. குட்டி அம்மோனைட்டுக்கு இருக்கும் வரி பெரிதானதும் மாறிவிடும். ஆணும் பெண்ணும் அளவில் வேறு வேறாக இருக்கும். இந்த ஆண் பெண் விஷயத்தை 1960களில்தான் விஞ்ஞானிகள் சரியாக எடுத்துச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒரே வகைக்கு ரெண்டு பெயர் வைத்துவிட்டதும் உண்டு.

நானும் என் தோழியும் இதைச் செய்து பார்த்தோம். ஓடையில் கிடைத்த ஆறு துண்டுகளை வைத்துக்கொண்டு, ஸ்கேலால் அளந்து, நோட்டில் படம் வரைந்தோம். ஆறே ஆறு துண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போய்விட்டது. கழுத்து வலி வேறு. ஸ்டோலிச்கா முன்னால் அறை அறையாகக் கல் இருந்தது. மின்விளக்கு இல்லாத காலம். கல்கத்தா வெயில். அவர் இதை வருடக்கணக்கில் செய்தார்.

நம்ம ஊர் பெயர் ஏறிய புத்தகம்

1863 முதல் தென்னிந்திய அம்மோனைட்கள் பற்றி அவர் எழுதியது பகுதி பகுதியாக வெளிவந்தது. பிறகு சங்கு நத்தை வகைகள், பிறகு சிப்பி வகைகள், கடைசியில் பவளம், கடல் முள்ளெலி போன்றவை என்று 1873க்குள் நான்கு பெரிய தொகுதிகள் முடிந்தன. எல்லாம் நம்ம பகுதிக் கற்கள்.

அவர் பெயர் வைத்த ஒரு அம்மோனைட்டின் சிற்றினப் பெயர் அரியலூரென்சிஸ். அரியலூரைச் சேர்ந்தது என்று அர்த்தம். அவர் விவரித்த இன்னொரு வகைக்குப் பின்னால் வந்தவர்கள் கொடுத்த பேரினப் பெயர் ஊட்டத்தூரிசெராஸ் என்று சொல்லும்படி இருக்கிறது. செராஸ் என்றால் கிரேக்க மொழியில் கொம்பு. ஊட்டத்தூர்க் கொம்பு! ஜப்பானில் ஒரு மாணவி அம்மோனைட் பற்றிப் படித்தாலும் இந்தப் பெயரை இப்படித்தான் படிக்க வேண்டும்.

இந்தப் பெயர்களில் இன்னொரு அழகு இருக்கிறது. ஏழாவது எட்டாவதில் இருசொற் பெயரிடும் முறை படித்தோம். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். ஸ்டோலிச்கா காலத்தில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பேரினம் அம்மோனைட்டஸ் என்ற ஒன்றுதான். 1865இல் அவருடைய வாத்தியார் சூயஸே அதைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரிக்கத் தொடங்கினார். அதற்கப்புறம் வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கோஸ்மாட் என்பவர் 1895க்கும் 1898க்கும் நடுவில் நம்ம தென்னிந்தியக் கற்களை மறுபடியும் ஆராய்ந்து பிரித்தார்.

இப்போது ஒரு பெயரைப் பாருங்கள்: கோஸ்மாட்டிசெராஸ் தியோபால்டியானம் (ஸ்டோலிச்கா).

இதில் முதல் சொல் கோஸ்மாட்டின் பெயரால் வந்தது. இரண்டாவது சொல் தியோபால்டு என்ற, ஸ்டோலிச்காவோடு வேலை பார்த்தவரின் பெயரால் வந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பது, அந்த வகையை முதலில் அடையாளம் சொன்னவர் பெயர். அவர் வைத்த பேரினம் பின்னால் மாறிவிட்டது என்பதைக் காட்டத்தான் அடைப்புக்குறி. பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயரை எடுக்க மாட்டார்கள், முதலில் சொன்னவர் பெயரையும் அழிக்க மாட்டார்கள். நூறு வருஷம் கழித்து வருகிறவர் திருத்தலாம், ஆனால் முன்னால் ஓடியவரை மறைக்க முடியாது. இந்த விதி எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

கல்லை வைத்து வயது சொல்லலாம்

பெயர் வைத்து என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். அம்மோனைட் வகைகள் சீக்கிரம் சீக்கிரம் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு வகை தோன்றி, கொஞ்ச காலம் கடல் கடலாகப் பரவி, அழிந்துவிடும். அடுத்த பாறை அடுக்கில் வேறு வகை இருக்கும். ஆகவே ஒரு பாறையில் எந்த அம்மோனைட் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பாறையின் காலம் தெரியும். பழைய காசில் இருக்கும் ராஜா தலையைப் பார்த்து, அது எந்தக் காலத்துக் காசு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. ஊட்டத்தூர்ப் பாறையில் உள்ள சில வகைகள் ஐரோப்பாவிலும் இருந்ததால், இரண்டு இடத்துப் பாறைகளும் ஒரே காலம் என்று ஸ்டோலிச்காவால் சொல்ல முடிந்தது. கடிகாரம் இல்லாமலே மணி பார்த்த மாதிரி!

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை. கல் எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்டோலிச்கா பார்த்த கற்களில் பெரும்பாலானவை மற்றவர்கள் பொறுக்கியவை. அவர்கள் இடத்தைக் குறித்து வைத்திருந்ததால்தான் கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு அவரால் அரியலூர் வேறு, ஊட்டத்தூர் வேறு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. சீட்டு இல்லாத கல் என்றால் அவ்வளவு பெரிய அறிஞராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இமயமலை, கச்சு, பறவைகள்

அவர் மேசையிலேயே உட்கார்ந்திருந்தவர் இல்லை. 1864லிலும் 1865லிலும் இமயமலையில் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கேயும் கறுப்புப் பாறையில் அம்மோனைட் இருந்தது. நம்மில் சிலர் வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதிலும் சுருள் அடையாளம் இருக்கும். அதுவும் அம்மோனைட்தான். அதைப் போன்ற பாறைகள்தான் ஸ்பிட்டியிலும் இருக்கின்றன. மலை உச்சிகூட ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே உள்ள முத், லிலாங் என்ற சின்ன கிராமங்களின் பெயரை அவர் பாறை அடுக்குகளுக்கு வைத்தார்.

1871, 1872 ஆண்டுகளில் குஜராத்தின் கச்சு பகுதிக்குப் போய் அம்மோனைட்கள் சேகரித்தார். இந்தத் தடவை அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர் இல்லை, வாகன் என்ற இன்னொரு அறிஞர். பிளான்ஃபோர்டு சேர்த்த கல்லை ஸ்டோலிச்கா படித்தார். ஸ்டோலிச்கா சேர்த்த கல்லை வாகன் படித்தார். பார்த்தீர்களா, மறுபடியும் தொடர் ஓட்டம்!

கச்சிலேயே அவர் ஒரு புதிய பறவையையும் கண்டுபிடித்து விவரித்தார். பாலைவனத்தில் வாழும் அந்தச் சின்னப் பறவை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒரு பாம்புப் பேரினத்துக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1873இல் நிக்கோபார் தீவுகளுக்கும் போய்வந்தார்.

கடைசிப் பயணம்

1873ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு ஃபோர்சைத் என்பவர் தலைமையில் ஒரு குழுவை இமயமலைக்கு அப்பால் உள்ள யார்க்கண்டுக்கு அனுப்பியது. அந்தக் குழுவில் இயற்கை அறிவியல் அறிஞராக ஸ்டோலிச்கா போனார். லடாக் வழியாக, காரகோரம் மலைகளைத் தாண்டி, யார்க்கண்ட், கஷ்கர் வரை போனார்கள். போகிற வழியெல்லாம் பாறை, பறவை, விலங்கு, நத்தை எதையும் விடாமல் சேகரித்தார், குறித்தார்.

திரும்பி வரும்போது 1874 ஜூன் மாதத்தில் காரகோரம் கணவாயைக் கடந்தார்கள். அது 5,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம்ம தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அவ்வளவு உயரத்தில் காற்று ரொம்ப மெலிந்து இருக்கும். தலைவலி வரும், மூச்சு வாங்கும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஸ்டோலிச்காவுக்கு அப்படித்தான் ஆனது. 1874 ஜூன் 19ஆம் நாள் லடாக்கில் முர்கோ என்ற இடத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36.

லே நகரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அரசு அங்கே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் கட்டியது. பிறந்த ஊர் எங்கேயோ, அடக்கமான ஊர் எங்கேயோ. இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

ஆனால் அவரோடு அவருடைய வேலை போய்விடவில்லை. அவர் சேகரித்தவை கல்கத்தா வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் எங்கே, எப்போது கிடைத்தது என்ற விவரம் இருந்தது, கூடவே அவர் எழுதிய குறிப்புகளும் இருந்தன. அவற்றை வைத்து மற்ற அறிஞர்கள் 1878 முதல் வருடக்கணக்காகப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். 1875இல் நியூமாயர் என்ற அறிஞர் ஒரு அம்மோனைட் பேரினத்துக்கு ஸ்டோலிச்காயா என்று பெயர் வைத்தார். அம்மோனைட்களுக்குப் பெயர் வைத்தவருடைய பெயரே ஒரு அம்மோனைட்டுக்கு ஆகிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

நம்ம மாவட்டத்தில் சிமெண்டு ஆலைகள் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிவதே அந்த வேலையால்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்புக் கல் எங்கிருந்து வந்தது? கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பி சிப்பியாக இருக்கும். பழைய கடலின் ஓடுகளைத்தான் அரைத்து வீடு கட்டுகிறோம். அரைத்த பிறகு அது எந்த வகை என்று ஸ்டோலிச்காவே வந்தாலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் நடக்கிறது. போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, சின்னப் பசங்களிடம் பத்து ரூபாய், இருபது ரூபாய் கொடுத்துச் சுருள் கல்லை எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். அதில் ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. இப்போது அது எந்த ஊர் அலமாரியிலோ இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்த ஓடை, எந்த அடுக்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. எனக்கு அந்தக் கல் போனதைவிட அதுதான் வருத்தம்.

ஆகவே தோழர்களே, தோழிகளே, ஒரு வேண்டுகோள். ஓடையிலோ வயலிலோ இப்படி ஒரு கல் கிடைத்தால் உடைக்காதீர்கள், விற்காதீர்கள். பாறையில் ஒட்டியிருந்தால் பெயர்க்காமல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். சாத்தனூர்ப் பூங்காவிலும், சுரங்கப் பள்ளங்களிலும் எதையும் எடுக்கப் போக வேண்டாம். பூங்காவில் எடுப்பது தவறு, பள்ளத்தில் இறங்குவது ஆபத்து. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு வீட்டில் கேட்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. நம் பள்ளி அறிவியல் அறையில் ஜன்னல் ஓரமாக ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். அறிவியல் டீச்சர் அனுமதி கொடுத்துவிட்டார். தானாக உதிர்ந்து கிடந்த கல்லை அதில் போடலாம். ஆனால் சும்மா போடக் கூடாது. கூடவே ஒரு சீட்டில் நான்கு விஷயம் எழுதிப் போட வேண்டும்:

1. கிடைத்த ஊரும் இடமும் (எந்த ஓடை, யார் வயல் பக்கம்)
2. கிடைத்த தேதி
3. சுற்றிலும் இருந்த மண் அல்லது பாறையின் நிறம்
4. எடுத்தவர் பெயர், வகுப்பு

என்னுடைய ஆறு துண்டுகளும் சீட்டோடு ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. ஏழாவதாக யார் போடப் போகிறீர்கள்?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி